தோன்றா எழுவாய்

பின்சீட்டின் கால்மிதிகள் இரண்டும் மறுபடியும் விரிந்திருந்தன.

செவ்வாய்க்கிழமை அவற்றை மடக்கிவிட்டுப் போனது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. இடது பக்கத்தது கொஞ்சம் இறுக்கம். செருப்புக் காலால் இரண்டு உதை கொடுத்தால்தான் ‘டக்’கென்று மேலே போய் ஒட்டிக்கொள்ளும். அப்படி உதைத்ததில் கறுத்துப்போன கட்டைவிரல் நகம் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. வண்டி நிற்கும் ஷெட்டுக்கு ஒரே பூட்டு, ஒரே சாவி, அதுவும் அவன் சட்டைப்பையில். ஆனாலும் வாரம் இரண்டு தடவை அவன் வந்து மடக்குவதும், அடுத்த முறை வரும்போது அவை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்பதும் ஐந்து மாதமாக நடக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று முடிவுகட்டி வைத்திருந்தான். அத்தனை இறுக்கமான ஸ்பிரிங் எப்படித் தளரும் என்று யோசிக்க அவனுக்குப் பொறுமை இல்லை.

சாவியைத் திருப்பி ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினான்.

டிக். டிக். டிக். டிக்.

“போச்சுடா,” என்றான்.

பேட்டரி மறுபடி இறங்கிவிட்டது. உதைத்துக் கிளப்ப வண்டியில் கிக்கர் கிடையாது, செல்ஃப் மட்டும்தான். தள்ளிக் கிளப்பலாம் என்றால் கம்பி வைத்துத் தைத்த அவன் வலது கால் ஒத்துழைக்காது. வண்டியும் ஆனைக்குட்டி கனம். போன மாதம் வாசல் வரை தள்ளுவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கிவிட்டது. டயரில் காற்று சரியாக இருந்தது. பிரேக்கும் சக்கரத்தை இறுக்கிக்கொண்டிருக்கவில்லை. ஆனாலும் பின்பக்கம் அமுங்கி, யாரோ உட்கார்ந்திருக்கும் வண்டியைத் தள்ளுவதைப் போலத்தான் இருந்தது.

வண்டி அவனுடையதே அல்ல. அதுதான் எரிச்சலின் வேர். அது அண்ணனுடையது.

அண்ணன் கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கும் மேடையில் வெல்டர். ஆறு மாதம் அங்கே, இரண்டு மாதம் இங்கே. கடைசித் தடவை வந்தவன் இரண்டு மாதம் இருக்கவில்லை. பன்னிரண்டாம் நாளே கிளம்பிவிட்டான். கிளம்புவதற்கு முந்தின மாலை நல்ல மழை. நனைந்து வந்தவன் வண்டியை ஷெட்டில் நிறுத்தி, என்ஜினை அணைக்காமல், பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். சமையலறையிலிருந்து தம்பியின் மனைவி, “மாமா வந்தாச்சா?” என்று குரல் கொடுத்தபோது, அண்ணன் உதட்டில் விரலை வைத்துத் தம்பியிடம் கிசுகிசுத்தான்: “வரலைன்னு சொல்லு.”

அப்போது அது ஏதோ விளையாட்டு என்று நினைத்தான். பிறகுதான் அண்ணன் சொன்னான், வண்டியைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து:

“வாரத்துக்கு ரெண்டு தடவை ஸ்டார்ட் பண்ணுடா. கால் மணி நேரம் ஓடட்டும். நடுநடுவே முறுக்கிவிடு. நீ மட்டும் ஏறாதே. இப்போ ஏறிடுச்சு. இனிமே இறங்க விடாதே, அவ்வளவுதான்.”

அந்த வாரம்தான் அண்ணன் பேட்டரியைக் கழற்றிக் கொண்டுபோய் ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு வாங்கி வந்திருந்தான். ஆகவே அதில் விளங்காதது எதுவுமில்லை. ‘நீ ஏறாதே’ என்றதுதான் சுருக்கென்றது. எட்டு வருடத்துக்கு முன்னால் அவன் இதே அண்ணனின் பழைய வண்டியை எடுத்துப்போய்த் தன் காலையும் வண்டியையும் சேர்த்து உடைத்தவன். அதற்கப்புறம் அண்ணன் அவனை நம்பி ஒப்படைத்த முதல் பொருள் இது. ஒரு வேலையையாவது உருப்படியாகச் செய்தான் என்று அண்ணன் வாயால் கேட்டுவிட வேண்டும். வேறு எதுவும் வேண்டாம் அவனுக்கு.

அந்த ஒரு வேலையைத்தான் செய்யவிடாமல் பேட்டரி அடம்பிடித்தது.

---

அவனுக்கு வீட்டிலேயே வேலை. பள்ளிப் பாடநூல்கள் அச்சிடும் ஒரு அச்சகத்துக்குப் பிழை திருத்துகிறான். முன்னறை மேசையில் தாள்கட்டும் சிவப்புப் பேனாவுமாகக் காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால், மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை முடித்து மனைவி ஸ்கூட்டரில் வரும் மாலை ஆறு மணிவரை, வீட்டில் மின்விசிறியும் அவனும்தான். அந்த மாதம் எட்டாம் வகுப்பு இலக்கணம். வாக்கியத்தில் எழுவாய் விடுபட்டால் ஓரத்தில் ‘எழுவாய் எங்கே?’ என்று எழுதிச் சுழிப்பது அவனுக்கு மூச்சு விடுவதைப் போலப் பழக்கம். ஊரார் வாக்கியத்தில் எல்லாம் எழுவாயைத் தேடுகிறவன், அண்ணன் சொன்னதில் மட்டும் தேடவில்லை.

ஞாயிறுதோறும் மதியம் மேடையிலிருந்து அண்ணன் கூப்பிடுவான். இரைச்சலும் காற்றுமாக மூன்று நிமிடம் கிடைக்கும். அந்த மூன்று நிமிடத்தில் தம்பி உடம்பு எப்படி, வீட்டில் எப்படி, ஒன்றும் கிடையாது.

“இறங்கலையே?”

“இல்லண்ணா.”

“ஸ்டார்ட் பண்றியா?”

“பண்றேன்.”

“இறங்க விடாதேடா.”

அவ்வளவுதான். சொந்தத் தம்பியைவிடப் பன்னிரண்டு வோல்ட் பெட்டி பெரிதாகிவிட்டது இவனுக்கு என்று வயிறு எரியும். இறங்கி இறங்கி, பக்கத்துத் தெரு வேன் ஓட்டுநரிடம் கெஞ்சி ஒயர் கொடுத்துக் கிளப்பியதை எல்லாம் அவன் சொல்லவில்லை. ஒரு ஞாயிறு பொறுக்க மாட்டாமல் குத்தலாகவே சொன்னான்:

“உன் வண்டியில நல்லா ஏறி ஜம்முனு உக்காந்திருக்கு. போதுமா?”



“உக்காந்திருக்கா?” என்றான் அண்ணன், மெதுவாக. “நீ பார்த்தியா?”

“பார்க்காமலா? மீட்டர் வச்சே பார்த்தேன்.”

லைன் அறுந்துவிட்டது.

---

வண்டியைக் கிளப்ப முடிந்த நாட்களும் அவனுக்குப் பிடிக்கவில்லை. ஜன்னல் இல்லாத அந்த ஷெட்டுக்குள், பாதி திறந்த கதவு வழியே விழும் வெளிச்சத்தில், புகையும் பெட்ரோலும் கலந்த நெடிக்கு அடியில் இன்னொரு வாடை எப்போதும் இருந்தது. காயாமல் மூட்டை கட்டி வைத்த ஈரத்துணியின் வாடை. ஐந்து மாதமாக ஒரு சொட்டுத் தண்ணீர் படாத அறை. பெட்ரோல் டேங்க் மேல் விரலால் பெயர் எழுதுகிற அளவுக்குத் தூசி, முன்சீட்டில் தூசி, முன்விளக்கில் தூசி. பின்சீட்டில் மட்டும் இல்லை. இரண்டு கண்ணாடிகளிலும் அண்ணன் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இடைவெளியில்லாமல் ஒட்டிவிட்டுப் போயிருந்தான். கண்ணாடி கீறாமலிருக்கவாம், அப்படித்தான் இருக்க வேண்டும். என்ஜின் சத்தத்துக்குள் ஒரு சின்னச் சத்தம் அவ்வப்போது வந்து போகும். ‘...ச்சா... ...ச்சா’ என்று, கேள்வி கேட்பதுபோல் கடைசியில் தூக்கி. என்ஜினுக்குள் டேப்பட் ஏதாவது தேய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வான். நினைத்துக்கொண்டே கதவுப் பக்கமாக நகர்ந்து நின்றுகொள்வான்.

கடைசியில் மெக்கானிக்கைக் கூட்டிவந்தான். சிறு வயதில் பேட்டரிக் கடையில் ஆசிட் ஊற்றியவர் என்பதால் ஊரே அவரை ‘ஆசிட்’ என்றுதான் கூப்பிடும். வாயும் அப்படித்தான்.

“என்ன சார், வண்டியில மூட்டை ஏத்தி வச்சிருந்தீங்களா? பின்னாடி இப்படி அமுங்கிக் கிடக்கு?”

“ஒண்ணுமில்ல. அஞ்சு மாசமா யாரும் தொடல.”

ஆசிட் குனிந்து ஷாக் அப்சார்பரைத் தடவிப் பார்த்தார். கசிவு இல்லை. எழுந்திருக்கும்போது பிடிமானத்துக்குப் பின்சீட்டில் கை வைத்தவர், வைத்த வேகத்தில் எடுத்துவிட்டார். உள்ளங்கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டார்.

“வெயில் படுற இடமா இது?”

“இல்லையே.”

“சீட்டு வெதுவெதுன்னு இருக்கு.” அதற்குமேல் அவர் அதைப் பேசவில்லை. பேட்டரி மூடியைக் கழற்றிக்கொண்டே, வழக்கத்தைவிட வேகமாகப் பேசினார். “வாரத்துக்கு ரெண்டு தடவை நிக்க வச்சே ஓட விடுறீங்களா? யார் சொன்னா இந்த வேலையை?”

“அண்ணன்.”

“நல்ல அண்ணன். செல்ஃப் போட ஒரு குடம் செலவு. நின்ன இடத்துல ஓடுறதுல வர்றது ஒரு டம்ளர். நீங்க சார்ஜ் ஏத்தல சார், இறக்கிட்டு இருக்கீங்க. ஓட்டணும். இல்லன்னா ஸ்டார்ட்டே பண்ணக் கூடாது. மைனஸ் ஒயரை முதல்ல கழட்டுங்க, அப்புறம் பிளஸ்ஸு. வீட்டுக்குள்ள கொண்டுபோய் இந்தச் சார்ஜர்ல மாட்டிடுங்க. பச்சை லைட்டு எரியற வரைக்கும் உங்க பேட்டரி ராஜா மாதிரி இருக்கும். வண்டியை மறந்துடுங்க.”

ஐந்து மாதத்தில் முதல் தடவையாக யாரோ அறிவோடு பேசினார்கள். அவனுக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. டெர்மினலில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டிவிட்டு, பேட்டரியைத் துணியில் சுற்றி, இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தான். அது வெள்ளிக்கிழமை.

அந்த ஞாயிறு அண்ணன் கூப்பிடவில்லை. கடலில் புயல் என்று செய்தியில் சொன்னார்கள்.

---

நல்ல வாரம் அது. மேசைக்கடியில் பச்சை விளக்கு எரிந்தது. தினம் காலையில் மீட்டரை வைத்துப் பார்த்தான்: பன்னிரண்டு புள்ளி எட்டு, பன்னிரண்டு புள்ளி எட்டு. ஷெட் பக்கமே போகவில்லை. வாழ்க்கையில் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்துவிட்ட நிம்மதியில் மதியத் தூக்கம்கூட வந்தது.

அடுத்த ஞாயிறு காலை மனைவிக்கு டியூட்டி. வாசலில், ஷெட்டை ஒட்டி நிற்கும் ஸ்கூட்டரை அவள் கிளப்பினாள். அவன் முன்னறையில் தாளைப் பிரித்துக்கொண்டிருந்தான். ஸ்கூட்டரின் சத்தத்தோடு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, பூட்டிய ஷெட்டுக்குள்ளிருந்து, ‘டக்’ என்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு ‘டக்’.

எலி, என்று நினைத்தான்.

“ஏங்க, என்ன இது வண்டி?” என்று மனைவி வாசலிலிருந்து கத்தினாள். “திருப்பவே முடியல, இப்படிக் கனக்குது?”

“அதுக்கும் பேட்டரி இறங்கிடுச்சா? எல்லா வண்டியும் சேர்ந்து என் உசிரை எடுக்குது. சாயங்காலம் பார்க்கிறேன், போ.”

அவள் போய்விட்டாள். அவன் பேனாவைத் திறந்தான். அன்றைய பாடம் தோன்றா எழுவாய். ‘வந்தது’ என்று மட்டும் ஒரு வாக்கியம் இருக்கும். எது வந்தது என்று வாக்கியத்தில் இருக்காது. இல்லாததால் அது இல்லை என்று பொருளல்ல. அது அங்கே இருக்கிறது, தோன்றவில்லை, அவ்வளவுதான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நன்றாகவே விளக்கியிருந்தார்கள்.

மாலை ஐந்தே முக்காலுக்குப் போன் வந்தது. இந்தத் தடவை இரைச்சல் இல்லை. பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் அண்ணன் குரல் தெளிவாக இருந்தது.

“ரெண்டு வாரமா லைன் கிடைக்கல. இறங்கலையே?”

இந்த முறை பொய் சொல்லத் தேவையில்லை. பெருமையாகவே சொன்னான். “இறங்கவே இறங்காது அண்ணா. கழட்டி வீட்டுக்குள்ள வச்சுட்டேன்.”

“எதை?”

“பேட்டரியை. பன்னெண்டு புள்ளி எட்டு. இனிமே ஸ்டார்ட்டே பண்ண வேண்டாம்னு மெக்கானிக்...”

“வண்டி நின்னு எத்தனை நாளாச்சு?”

“ஒன்பது நாள். அதனால என்ன, பேட்டரி...”

“டேய்.” அண்ணன் குறுக்கிட்டான். “நான் எப்போடா பேட்டரின்னு சொன்னேன்?”

ஐந்து மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாக மனதில் ஓடின. ஏறிடுச்சு. இறங்க விடாதே. இறங்கலையே? சொல்லவே இல்லை. ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

“நான் யாருக்கும் லிஃப்ட் கொடுக்கலடா,” என்றான் அண்ணன். அழுகிறானா என்று தெரியவில்லை. “மழையில சிக்னல்ல நின்னேன். ஏறுச்சு. அதுல இருந்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுது. வந்தாச்சா, வந்தாச்சான்னு. வழியெல்லாம் கேட்டுது. நான் பதிலே சொல்லல. சொன்னா இறங்கிடும். அதுக்கு ஒரு வீடு வேணும்டா. அப்பப்போ சத்தம் கேட்டுட்டு இருந்தா இன்னும் போய்ட்டிருக்கோம்னு நினைச்சு உக்காந்திருக்கும். நின்னுபோச்சுன்னு தெரிஞ்சா வேற வண்டி பார்க்கும்.”

“இதை ஏண்ணா அன்னிக்கே சொல்லல?”

“அது பக்கத்துல நின்னுட்டு எப்படிடா சொல்வேன்? அப்புறம்... சொல்லியிருந்தா நீ வச்சிருப்பியா?” என்றான் அண்ணன். “என்னால முடியலடா. உன்கிட்ட விட்டுட்டு ஓடி வந்துட்டேன்.”

எட்டு வருடம் காத்திருந்தது இந்த நம்பிக்கைக்கா என்று கோபம் தலைக்கேறியது. கத்தியிருப்பான். ஆனால் காலையில் கேட்ட இரண்டு ‘டக்’ ஞாபகம் வந்தது.

போனை வைக்காமலேயே ஓடினான்.

---

ஷெட்டைத் திறந்தான். வாடை இல்லை.

ஐந்து மாதமாக மூக்கில் ஏறியிருந்த அந்த ஈர வாடை, துடைத்துவிட்டதுபோல் அற்றுப்போயிருந்தது. வெறும் பெட்ரோல் நெடி. வெறும் தூசி. வண்டியின் பின்பக்கம் உயர்ந்து நின்றது. ஒரு விரலால் தள்ளினான். அசைந்தது. லேசாக, சைக்கிள் மாதிரி.

கால்மிதிகள் இரண்டும் மடங்கியிருந்தன.

மனைவிக்குப் போன் அடித்தான். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். வண்டி ஓட்டும்போது அவள் எடுக்கமாட்டாள். எடுக்காதே என்று ஆயிரம் தடவை திட்டியவன் அவன்தான். ஆறாக ஐந்து நிமிடம்.

வாசலுக்கு வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். தெரு விளக்கு இன்னும் போடவில்லை. சாம்பல் வெளிச்சம். எதிர்வீட்டில் யாரோ வாளியை உருட்டினார்கள். என்ன சொல்வது அவளிடம்? நிறுத்தாதே என்றா? நிற்காமல் எங்கே போவாள்? வாயைத் திறக்காதே என்று மட்டும் சொல்ல வேண்டும். சைகை காட்டினால் போதும். அன்றைக்கு அண்ணன் காட்டியதைப் போல. உதட்டில் விரல்.

முனையில் ஸ்கூட்டர் திரும்பியது.

மெதுவாக வந்தது. முக்கிக்கொண்டு வந்தது. முன்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும். பின்பக்கம் அமுங்கி, மட்கார்டு டயரை உரசும் சத்தம் அவனுக்கு இங்கேயே கேட்டது. அவள் தனியாகத்தான் வந்தாள். சீட்டின் நுனிக்கு நகர்ந்து, ஹேண்டிலோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள், இடம் கொடுத்தவள் போல. இரண்டு கண்ணாடியிலும் ஆவி படிந்திருந்தது. ஒரு கையால் துடைத்தாள். உடனே மறுபடி படிந்தது.

பின்சீட்டின் கால்மிதிகள் விரிந்திருந்தன.

அவன் விரலை உதட்டில் வைத்தான். தலையை ஆட்டினான். வேண்டாம். வேண்டாம். அவள் பார்க்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் முகம் சிடுசிடுவென்று இருந்தது. கேட்டுக்கு முன்னால் பிரேக் பிடித்தாள். சாவியைத் திருப்பினாள். என்ஜின் நின்றது.

அமைதி.

“வந்தாச்சா?”

அவன் வாயைத் திறக்கவில்லை. விரல் இன்னும் உதட்டில்தான் இருந்தது. குரல் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது. களைத்துப்போன குரல். ரொம்பத் தூரம் வந்த குரல்.

அவள் நிமிரக்கூட இல்லை. ஹெல்மெட் வாரைக் கழற்றிக்கொண்டே, எரிச்சலோடு, அவனுக்குத்தான் பதில் சொன்னாள்.

“ஆமா, வந்தாச்சு, வந்தாச்சு! வழியெல்லாம் இதே கேள்வி! எத்தனை தடவைதான் கேப்பீங்க?”

சொன்ன பிறகுதான் அவள் கை நின்றது. வழியெல்லாம் என்று சொல்லிவிட்டதை அவளே கேட்டுக்கொண்டவள் போல, அவனைப் பார்த்தாள். அவன் உதட்டில் இருந்த விரலைப் பார்த்தாள்.

ஸ்கூட்டரின் பின்பக்கம் மெல்ல உயர்ந்தது.

டக்.

டக்.

அவன் கையில் பிடித்திருந்த கேட், உள்பக்கமாகத் திறந்தது.